வால்கயிறு எங்கே, அண்ணே?

ஊர்ப் பேரிலேயே கிணறு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் பதில் சொல்லாமல் வானத்தைப் பார்ப்பார்கள்!

மல்லாங்கிணறு. விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி பக்கம். மல்லாங்கிணர் என்றும் எழுதுவார்கள். எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த ஊர். ஒரு திசையில் அருப்புக்கோட்டை. அதையும் தாண்டினால் 1879-ல் ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி. சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் அடித்தால் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வெடித்துப் பிளக்கும். பருத்தி, மல்லி, கம்பு... மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம்.

இந்தக் காட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நடப்பது உடம்புக்கு நல்லதல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எந்தப் புதருக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் என்று சொல்ல முடியாது. எட்டிப் பார்த்தால் மேலே பத்துப் பதினைந்து அடிக்கு உதிர்கிற மண், அதற்குக் கீழே வெட்டுப் பாறை, தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடு, புறா, அதிர்ஷ்டம் இருந்தால் கதண்டு. அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்.

"இதைப் பார்க்கவா பஸ் ஏறிப் போனாய்?" என்கிறீர்களா? இல்லை சார், கயிறு பார்க்கப் போனேன்!

இப்போது ஆபீஸ் தவறாமல் 'டீம் அவுட்டிங்' என்று ஒன்று நடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்களைச் சனிக்கிழமை ஒரு பாறை உச்சியில் நிறுத்தி, இடுப்பில் பெல்ட்டை மாட்டி, "இறங்குங்க பாஸ்!" என்கிறார்கள். அதற்கு ராப்பெல்லிங் என்று பெயர். ஹெல்மெட், கையுறை, பக்கத்திலேயே பயிற்சியாளர், கீழே போட்டோகிராபர். ஆளுக்கு இவ்வளவு என்று பில்லும் உண்டு.

கரிசல் காட்டில் இதையே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகச் செய்கிறார்கள். கிணறு வெட்ட, தூர் வார, மோட்டாரைத் தூக்க, விழுந்த ஆட்டை எடுக்க. பில் கிடையாது, போட்டோ கிடையாது. ஹெல்மெட்டும் கிடையாது!

கோடையில் தூர் வாருகிற இடம் ஒன்றில் போய் நின்றேன். கிணற்று ஓரத்தில் கிரேன், கம்பி வடம், இரும்புத் தொட்டி. சகதி ஏறி வருகிற அதே தொட்டியில்தான் ஆளும் ஏறி இறங்குகிறார். ஒரு கால் தொட்டிக்குள், ஒரு கால் விளிம்பில், ஒரு கை வடத்தில், மறு கையில் பீடி!

"எத்தனை அடி அண்ணே?"

"எழுபது இருக்கும் தம்பி."

"இடுப்புல எதுவும் கட்டிக்க மாட்டீங்களா?"

"கட்டினா வேலை ஓடாது."

"கை விட்டுருச்சுன்னா?"

"விடாது தம்பி. இருபத்தஞ்சு வருசமா இறங்குறேன்ல."

நான் பி.காம். படித்தவன். 'கடந்த கால லாபம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் அல்ல' என்று மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் மூச்சு விடாமல் சொல்வார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. மேலே நின்ற பெரியவர் ஒருவர் சொன்னதுதான் உறைத்தது.

"கமலை காலத்துல சாலுக்கே ரெண்டு கயிறு தம்பி!"

உண்மைதான். கமலை பார்க்காத தலைமுறைக்காக: மாடு இழுக்கிற வடம், சாலைத் தூக்கும். இன்னொரு கயிறு, தோல் வாலை மடக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். அதுதான் வால்கயிறு. தண்ணீர் சிந்தக்கூடாது என்று இரண்டு கயிறு கட்டிய ஊரில், மனுஷனை ஒற்றைக் கயிற்றில் இறக்குகிறோம்!

சரி, முறையாக இறங்க என்னதான் வேண்டும்?

முதலில் கயிறு

அருப்புக்கோட்டை பஜாரில் மஞ்சளும் நீலமுமாகச் சுருள் சுருளாகத் தொங்கும். நாம் பொதுவாக 'நைலான் கயிறு' என்று கேட்டு வாங்குவதில் பாதி, நைலானே அல்ல, பாலிபுரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், விலை குறைவு. ஆனால் வெயிலில் கிடந்தால் நைந்துவிடும். உராய்ந்து சூடேறினால் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். மூட்டை கட்ட உத்தமம். ஆள் இறங்க உதவாது.

குகைக்குள் இறங்குபவர்கள் வாங்குவது 'ஸ்டாட்டிக்' கயிறு. உள்ளே நீளவாக்கில் இழைகள், வெளியே பின்னிய உறை. எடையை உள்ளிருக்கும் இழை தாங்கும், உரசலை உறை தாங்கும். பத்து, பதினோரு மில்லிமீட்டர் கனம். ஐரோப்பிய தர எண் இ.என். 1891, 'ஏ' வகை என்று அச்சிட்டிருந்தால், குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கும். நம் கணக்கில் சுமார் 2,200 கிலோ. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை எத்தனை செட் உள்ளே தள்ளிவிட்டு இறங்கினாலும் கவலை இல்லை!

ஆனால் முடிச்சுப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். நைலான் நனைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். அதனால்தான் 80 கிலோ ஆளுக்கு 2,200 கிலோ கயிறு.

மலையேறுகிறவர்களிடம் 'டைனமிக்' என்று இன்னொரு வகை இருக்கும். விழுந்தால் ரப்பர் மாதிரி நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஏறுவதற்கு நல்லது. இறங்குவதற்கு ஆகாது. ஆள் ஊஞ்சல் மாதிரி எம்பி எம்பி இறங்க, பாறை விளிம்பு ரம்பம் மாதிரி கயிற்றை அறுக்கும். எந்தக் கயிறானாலும் விளிம்பில் ஒரு பழைய கோணிச் சாக்கை மடித்துப் போடுவது புத்திசாலித்தனம்.

பெல்ட்டும் கொக்கியும்

இடுப்பில் வெறும் கயிற்றைக் கட்டி இறக்குவது சினிமாவில் சரி. மயங்கிவிட்டால் ஆள் இரண்டாக மடிந்து தொங்குவார், மூச்சு நின்றுவிடும். விளையாட்டாகப் பாறையில் இறங்குபவர்கள் மாட்டுகிற இடுப்பு-தொடை பெல்ட், நினைவோடு இருப்பவருக்குப் போதும். கிணற்றுக்கு வேண்டியது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னெஸ். முதுகில் ஒரு வளையம் இருக்கும். அதில் கயிறு மாட்டியிருந்தால், மயங்கினாலும் தலை மேலாகவே வருவார். கட்டட வேலைக்காக இந்தியத் தர எண் ஐ.எஸ். 3521 போட்டு விற்கிறார்களே, அந்தக் குடும்பம்தான்.

கொக்கி என்றால் காரபைனர். வாய் திறக்காதபடி திருகி மூடுகிற வகையாக வாங்க வேண்டும். நீளவாக்கில் இழுத்தால் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்குவது, குறுக்கே திரும்பிக்கொண்டால் ஏழு, எட்டுதான். இரண்டு எண்களையும் கொக்கியின் மேலேயே பொறித்திருப்பார்கள். கடையில் படித்துப் பாருங்கள்.

இறங்கும் வேகத்தைப் பிடிக்கும் கருவிக்கு டிசெண்டர் என்று பெயர். எட்டு வடிவத்தில் ஒரு துண்டு உலோகம், மலிவு, சுலபம். ஆனால் கயிற்றை முறுக்கிவிடும். மெக்சிகோவில் கோலோன்ட்ரினாஸ் என்று ஒரு குழி, ஆயிரம் அடிக்கு மேல் நேர் இறக்கம். அங்கெல்லாம் 'ரேக்' என்று ஏணி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள். குறுக்குக் கம்பிகளைக் கூட்டிக் குறைத்தே வேகத்தைச் சரி பண்ணலாம். நம் எழுபது அடிக்குத் தானே பிடித்துக்கொள்ளும் வகை உத்தமம். கையை விட்டால் நின்றுவிடும். 'கை விடாது' என்று பந்தயம் கட்டத் தேவையில்லை!

எதில் கட்டுவது?

உலகத்திலேயே நல்ல கயிற்றை வாங்கிக் கருவேல மரத்தில் கட்டினால் என்ன பிரயோசனம்? பழைய துலாக்கல் கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் அது நிற்கிற கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடித்திருக்கும். ஆகவே இரண்டு இடத்தில் கட்ட வேண்டும், ஒன்று போனால் ஒன்று.

இதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கட்டுக்கும் நடுவே உள்ள கோணம் 60 டிகிரி என்றால், ஒவ்வொன்றும் எடையில் 58 சதவிகிதம் தாங்கும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழு எடை. 150 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பங்காளி சேர்த்த பிறகு கடன் இரட்டிப்பாகிற வியாபாரம் இது ஒன்றுதான்.

ஏறுவது எப்படி?

இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. 1931-ல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரியர் ஒரு முடிச்சைப் பற்றி எழுதினார். மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றில் சுற்றினால், எடை போட்டதும் இறுகும். எடையை எடுத்தால் நகரும். இரண்டு வளையம் இருந்தால் படி ஏறுவது போல ஏறிவிடலாம். பைக்குள் மடித்து வைக்கிற சாமான்!

இடத்துக்குத் தகுந்தபடி விதியும் மாறும். வறண்ட குகையிலும் கிணற்றிலும் கயிற்றின் கீழ் நுனியில் ஒரு பெரிய முடிச்சுப் போட வேண்டும். கயிறு தீர்ந்தது தெரியாமல் இறங்கி விழாமல் இருக்க. அருவி விழும் பள்ளத்தாக்கில் அதே முடிச்சு எமன். ஓடுகிற தண்ணீருக்குள் கருவியை அதில் சிக்க வைத்துவிடும். அங்கே முடிச்சில்லாமல், தண்ணீர் மட்டம் வரை மட்டுமே கயிற்றை விட வேண்டும். புத்தகத்தில் படித்துவிட்டு இறங்குகிற வித்தை இல்லை இது. 1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம், 1965 முதல் உத்தரகாசியில் இருக்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் மாதிரி இடங்களில் அடிப்படைப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள்.

கயிற்றுக்கு அகப்படாத எதிரி

கிணற்றில் ஆளைக் கொல்வது ஆழம் மட்டுமல்ல. காற்று! நாம் சுவாசிப்பதில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவிகிதம். அது பத்துக்குக் கீழே போனால் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளேயே டீசல் என்ஜினை ஓட்டினால் அதைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது.

விளக்கை இறக்கிப் பார்ப்பதும், வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்காதீர்கள், சரி. ஆனால் எரிந்தால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும். எரிகிற வாயு இருந்தாலோ, விளக்கே வெடி வைத்துவிடும்! வாயு அளக்கும் கையடக்கக் கருவியும், காற்று ஊதும் பிளோயரும்தான் சரியான வழி.

'ஒருவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார், மூன்றாமவரும்...' என்று பேப்பரில் படிக்கிறோமே, அது நம் ஊர்ச் சாபம் மட்டுமல்ல. இப்படி மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவிகிதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று 1986-லேயே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. தம்பி விழுந்தால் அண்ணன் குதிக்கிறான். பாசம்தான் சார் கொல்கிறது.

2006-ல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தார். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று படமாக வந்து, தியேட்டரில் விசில் பறந்ததே! அந்த வீரத்துக்கு ஒரு சலாம். ஆனால் அங்கே சுவாசிக்கக் காற்று இருந்தது. வாயு தேங்கிய கிணற்றில் அதே வீரம் இன்னொரு உயிரைத்தான் கேட்கும்.

இங்கேதான் வால்கயிறு வருகிறது. இறங்குபவர் முதுகு வளையத்தில் இரண்டாவது கயிறு ஒன்று மாட்டியே இருக்க வேண்டும். அதன் மறுமுனை, கிரேனில் அல்ல, மேலே தனியாக ஒரு முக்காலி உருளையில். குரல் கொடுத்து பதில் இல்லையென்றால் யாரும் இறங்க வேண்டாம், இழுத்தால் போதும். உருளைகளை மூன்றுக்கு ஒன்று என்று அமைத்தால், 75 கிலோ ஆளுக்கு 25 கிலோவும் உராய்வுக்குக் கொஞ்சமும் பலம் போதும். இழுத்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள்.

'கட்டினா வேலை ஓடாது' என்பதற்கும் பதில் இருக்கிறது. ஹார்னெஸ் மாட்ட ஐந்து நிமிஷம். முதுகில் மாட்டுவதால் இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். செலவா? கயிறு, ஹார்னெஸ், ஹெல்மெட், கொக்கி எல்லாம் ஒரு நடுத்தர செல்போன் விலையில் அடங்கிவிடும். முக்காலியும் வாயுக் கருவியும் கூடுதல். அதை ஆளாளுக்கு வாங்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோமே, கிரேன்காரரே கிரேனோடு வாடகைக்குக் கொண்டு வரலாம்.

கடைசியாக, வாரக்கடைசி வீரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கயிற்றுக்கும் தேய்மானம் உண்டு. வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். பைக் பேட்டரி பக்கத்தில் வைக்காதீர்கள். ஆசிட் பட்டால் கண்ணுக்குத் தெரியாமலே நைலான் செத்துவிடும். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்து வருஷத்தில் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஓய்வு கொடுத்த கயிற்றை, "பாவம், கிணறு வெட்டுறவங்களுக்கு உதவும்" என்று மட்டும் தானம் பண்ணிவிடாதீர்கள். பத்தடி பத்தடியாக நறுக்கி ஆடு மாடு கட்டக் கொடுங்கள். கிணற்றுக்காரருக்குக் கொடுப்பதென்றால், புதுசாக வாங்கிக் கொடுங்கள்.

அதுவும், இரண்டாக!