நாம் விரும்பிய இசைத்தட்டுகள்

"இந்த வருஷம் உங்களுக்கு ஆகப் பிடிச்ச பாட்டுத்தொகுப்பு எது, சேர்?" எனச் சென்ற தவணையில் பத்தாந் தர மாணவன் ஒருவன் எம்மை வினவினான். புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்த வேளையில் இவ்வினா எழுந்தமையால் முதலில் சற்றே சினந்தோம். ஆண்டிறுதியில் தாம் கேட்ட பாட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் இக்காலப் பிள்ளைகளின் வழக்கமெனப் பின்னர் அறிந்தோம். வினாவிற் குற்றமில்லை, விடை கூறுதலே எமக்கு அரிதாயிற்று. நாம் அறிந்த வரிசை ஒன்றேயாகும். அது 1991ஆம் ஆண்டுக்குரியது. அதனைத் தெரிந்தெடுத்தவர் எம் தாய்மாமன்.

எமது ஊர் வேலணைத் தீவிலுள்ள சாட்டி. வெண்மணற் கடற்கரையும், உவர்க்கடலின் அருகே நன்னீர் ஊறும் கிணறுகளும், சிந்தாத்திரை மாதா கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். கொழும்பிற் கடை நடத்திய பாட்டனார் கொணர்ந்த கிராமபோன் ஒன்றும், ஒரு மரப்பெட்டி நிறைந்த இசைத்தட்டுகளும் மாமாவின் வீட்டில் இருந்தன. தட்டு ஒவ்வொன்றும் பத்து அங்குல அகலம். அரக்குக் கலந்து செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். இரவு முழுதும் இராகத்தை விரிக்க வல்ல வித்துவான்களும் அந்த மூன்று நிமிடத்துள் அதன் உருவத்தைக் காட்டியாக வேண்டும். சுருங்கச் சொல்லலின் அருமையை நாம் முதலில் உணர்ந்தது இலக்கண நூலிலன்று, அத்தட்டுகளிலேயாம்.

1989ஆம் ஆண்டில், எமக்குப் பத்து வயது நிரம்பியிருந்த காலத்து, ஒரு நண்பகல். மாமா உறங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கேளாமலே பெட்டியைத் திறந்தோம். எடுத்த தட்டுக் கைதவறித் திண்ணை விளிம்பில் மோதியது. அது உடைந்து சிதறவில்லை. மயிரிழை போன்றதொரு வெடிப்பு மட்டும் விழுந்தது. உறையிலிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாளாவிருந்தோம். அது திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை நாதசுரத்தில் வாசித்த தோடி.

போர் தீவகத்துட் புகுந்தபோது, 1991இல், ஊரைவிட்டுப் புறப்பட்டோம். வள்ளத்தில் இடம் சிறிது. மாமா கிராமபோனைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு, ஐந்தே ஐந்து தட்டுகளைத் தெரிந்து மார்போடணைத்து வந்தார். "மற்றதுகள் கிடக்கட்டும். ஒரு கிழமையிலை திரும்பி வந்திடுவம்" என்றார். ஒன்று, இளமையில் இலங்கை மேடைகளிலும் பாடிய கே. பி. சுந்தராம்பாளுடையது. ஒன்று, 1942இல் நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகருடையது. ஒன்று, 'ஹரிதாஸ்' படத்தின் நாயகராகச் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட தியாகராச பாகவதருடையது. ஒன்று, 1945இல் வெளிவந்த 'மீரா' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியது. ஐந்தாவது, வெடித்த தோடி. உறையைக் கண்டதும் எம் நெஞ்சு திடுக்குற்றது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கினோம். நம் கல்லூரி எம்மை ஏற்றுக்கொண்டது அவ்வாண்டிலேதான். அக்காலத்து மாணவர் மறந்திரார். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, ஜாம் போத்தல் விளக்கே இரவுக்கு ஒளி. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கிராமபோனுக்கோ கைமுறுக்கு ஒன்றே போதுமானது. எஃகு ஊசிகள் தீர்ந்தபோது மாமா நாகதாளி முள்ளைச் சீவிப் பொருத்தினார். ஓசை தணிந்ததாயினும் இனிமை குன்றவில்லை. மாலைதோறும் வகுப்புத் தோழர் நால்வர் ஐவர் வந்து முற்றத்தில் அமர்வர். தோடி சுழலும்போது மட்டும் சுற்றுக்கொரு முறை 'டக்' என்றோர் ஒலி கேட்கும். நிமிடத்துக்கு 78 முறை அவ்வொலி எம்மைக் குத்தியது. மாமா ஒன்றும் வினவவில்லை. நாமும் ஒன்றும் கூறவில்லை.

1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது கிராமபோனும் ஐந்து தட்டுகளும் போயின. பல ஆண்டுகளின் பின் சாட்டிக்கு மீண்டபோது வீடிருந்த இடத்தில் இரண்டு சுவர்களே நின்றன. மரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மாணவனின் வினாவை மனத்திற் கொண்டு, அந்த வார இறுதியில் மாமாவைக் காணச் சென்றோம். எண்பது கடந்தும் அவர் செவி கூர்மையாகவே உள்ளது. கடற்கரைப் பனையடியில் அமர்ந்து, எமது கைப்பேசியில் அதே தோடியை ஒலிக்கச் செய்தோம். தேய்வும் இரைச்சலும் நீக்கிய பதிவு. கண்ணை மூடிக் கேட்டிருந்தவர், "தம்பி, வாசிப்பு அதுதான். ஆனால் இது எங்கடை தட்டு இல்லை. எங்கடையிலை டக், டக் எண்டு ஒரு தாளம் கேட்கும்" என்றார்.

அதற்குமேல் மறைக்க எம்மால் இயலவில்லை. நடந்ததைக் கூறினோம்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். உறைக்குள்ளை தட்டுப் பக்கம் மாறிக் கிடந்தது. நீயாகச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"தெரிஞ்சும் ஏன் மாமா அதைக் கொண்டு வந்தனீங்கள்? நல்ல தட்டுகள் எத்தனையோ கிடந்ததே."

"வெடிப்பு உன்ரை, வாசிப்பு அவரின்ரை. அதுக்காக அவரை விட்டிட்டு வர ஏலுமோ?"

மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. பாட்டு முடிந்ததும், "இன்னொருக்கால் போடு" என்றார். போட்டோம். 'டக்' ஒலியை மாமா தம் தொடையில் விரலால் இட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அம்மாணவனை அழைத்து, இவ்வாண்டில் எமக்கு மிகப் பிடித்தது அத்தோடியே என்றோம். பின்னர், "வீட்டைவிட்டுப் புறப்பட நேர்ந்தால் நீ கையில் எடுக்கும் ஐந்து பாட்டுகள் யாவை?" என்று திருப்பி வினவினோம். இரண்டு நாள் கழித்து மூன்றே எழுதிக் கொணர்ந்தான். அவற்றுள் ஒன்று, காலஞ்சென்ற அவன் அப்பம்மா பாடிய தாலாட்டு. கைப்பேசியில் அவனே பதிந்து வைத்திருந்தது. ஏனைய இரண்டிடங்கள் இன்னும் வெறுமையாக உள்ளன எனக் கூறினான். அவசரமில்லை என்றோம்.

அன்று எம்மோடு முற்றத்தில் அமர்ந்து கேட்ட தோழர்காள், நீவிர் இன்று எந்நாட்டிலிருப்பினும் இம்மலர் உம் கைக்கு எட்டுமாயின், அந்த 'டக்' எவ்வாறு விழுந்ததென்பதை இப்பொழுது அறிவீர். அன்று நீவிர் கேட்டபோது கிராமபோனின் பழுதெனப் பொய் கூறினோம். பொறுத்தருள்க.