இரண்டாம் தடம்

தில்லியில் எங்கள் இல்லத்தில் ஒரு பழைய ஸ்டீரியோ டேப் ரிக்கார்டர் இருக்கிறது; இரு சுருள்கள் கண்ணெதிரே சுழலும் வகை. தாயகம் திரும்பவிருந்த அயல்நாட்டார் ஒருவரிடமிருந்து எங்கள் தந்தையார் 1979இல் வாங்கியது. ஏழங்குலச் சுருளில் 1800 அடி நாடா. நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 96 நிமிடம் ஓடும்.

சனிக்கிழமை இரவுகளில் வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்வது தந்தையாரின் வழக்கம். 1981இல் ஒருநாள், பெயர் எழுதப்படாத ஒரு சுருளில் கச்சேரியைப் பதிந்துவிட்டார். 1968இல் திருவாரூரில், இரவல் வாங்கிய மோனோ கருவியில் அவர் பதிந்து வைத்திருந்த தம் அன்னையாரின் பேச்சு அச்சுருளில்தான் இருந்தது. பாட்டியார் மறைந்து அப்போது பத்தாண்டுகள்.

நாடா, பதிவு முனையை அடையுமுன் அழிப்பு முனையைக் கடக்கும். பழைய ஒலி அங்கேயே துடைக்கப்படும். இதனை நன்கறிந்த தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் அவர் எதையும் பதிவு செய்யவில்லை, அச்சுருளை எறியவுமில்லை.

அவர் அலுவலகம் சென்றபின், தொடக்கூடாதென்று விலக்கப்பட்ட அக்கருவியை நாங்கள் மூவரும் இயக்கிப் பார்ப்பதுண்டு. அச்சுருளைத் திருப்பிப் போட்டால் வலப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் பொருள் விளங்காத முணுமுணுப்பு கேட்கும். நாங்கள்தாம் ஏதோ பழுதாக்கிவிட்டோம் என்றஞ்சி, தந்தையாரிடம் சொல்லாது மறைத்தோம்.

தந்தையார் 2014இல் காலமானார். 2022இல் சுருள்களைக் கணினிக்கு மாற்ற முற்பட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. நாடாவின் அகலம் கால் அங்குலம். பழைய மோனோ கருவி அதன் மேற்பாதி முழுவதிலும் ஒலியைப் பதித்தது. எங்கள் ஸ்டீரியோ கருவியோ நாடாவை நான்கு தடங்களாகப் பகுத்து, முதற்பக்கத்தில் ஒன்றையும் மூன்றையும், திருப்பிப் போட்டால் நான்கையும் இரண்டையும் பயன்படுத்துவது. அதன் அழிப்பு முனையும் அவ்வத் தடங்களையே துடைக்கும். ஆகவே, கச்சேரி முதல் தடத்தில் இருந்த குரலை அழித்தது. இரண்டாம் தடத்தில் இருந்ததைத் தீண்டவில்லை. சுருளைத் திருப்பியபோது அப்பேச்சு கடைசியிலிருந்து முதலாக ஒலித்தது. நாங்கள் அஞ்சிய முணுமுணுப்பு அதுவே.

கணினியில் ஒலியின் திசையை மாற்றினோம். இரைச்சலுக்கிடையே மெலிந்த குரல் எழுந்தது: “இவ்வளவு கனத்தையா சுமந்துக்கிட்டு வந்தே? அதை அங்கிட்டு வச்சிட்டு முதல்ல சாப்பிடுப்பா.”

முப்பத்து மூன்று ஆண்டுகள் தந்தையார் மனத்தில் சுமந்த இழப்பு, அவருடைய அலமாரியிலேயே இழப்பாகாமல் இருந்திருக்கிறது. அடிவாங்க அஞ்சாமல் எங்களுள் ஒருவர் அன்று வாய் திறந்திருந்தால், அவரும் கேட்டிருப்பார்.

பழைய சுருள்கள் வைத்திருக்கும் அன்பர்கள், எறியுமுன் இருபக்கமும் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.