உடைந்த வளையலுக்கு ஒரு ராஜ்ஜியம்

பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற குரலைத் தெருவில் கேட்டு வளர்ந்த பரம்பரை நம்முடையது. உடைந்த சாமானுக்கு உலகத்தில் ஒரே கதிதான் என்பது நமக்குத் தெரியும். காயலான் கடை! நான் படித்த பி.காமிலும் இதையேதான் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொல்லிக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் தேய்மானம் கழி. கடைசியில் மிஞ்சுவது ஸ்கிராப் வேல்யூ. அதுவும் தேறவில்லையா, ரைட் ஆஃப் பண்ணு. முடிந்தது கதை!

முடியவில்லை சார். ஊரே ரைட் ஆஃப் பண்ணிய சாமான்களை வைத்து ஒருவர் பெரிய ராஜ்ஜியமே கட்டியிருக்கிறார். இன்றைக்கு அது சுமார் 40 ஏக்கர். கட்டியவர் மகாராஜாவா, மில் முதலாளியா? இரண்டும் இல்லை. பி.டபிள்யூ.டி.யில் ரோடு இன்ஸ்பெக்டர்! ஊர் சண்டிகர். இடத்தின் பெயர் ராக் கார்டன்.

டெல்லியில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டும் என் மச்சினன்தான் கூட்டிக் கொண்டு போனான்.

"அத்தான், நாளைக்குக் காலைல சதாப்தி. சண்டிகர் போறோம். குப்பை பார்க்க."

"அதுக்கு எதுக்குடா சதாப்தி? எங்க தெருமுனையிலயே இருக்கே, நடந்தே போயிடலாமே!"

"வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று முடித்து விட்டான். டெல்லியிலிருந்து மூன்றரை மணி நேரம். ரயிலில் கொடுத்த டிபனைச் சாப்பிட்டு, பேப்பரைப் புரட்டி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் சண்டிகர்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அது தெரியாவிட்டால் தோட்டத்தின் அருமை புரியாது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. "புதுசாவே ஒண்ணு கட்டுவோம்" என்று நேரு முடிவு செய்தார். லெ கார்புசியே என்ற கட்டடக் கலைஞர் வந்து, ஊர் முழுவதையும் செக்டர் செக்டராகப் பிரித்துக் கோடு போட்டார். நம் ஊர் மாதிரி பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், டீக்கடைக்கு எதிர் சந்து என்ற பேச்சே கிடையாது. எல்லாம் நம்பர்! அதிலும் ஆரம்பத்தில் 13 என்ற செக்டரே வைக்கவில்லை. 2020-ல்தான் மணிமாஜ்ராவுக்கு அந்த நம்பரைக் கொடுத்தார்கள். மொத்தத்தில், ஆடிட்டர் கோடு போட்டுத் தந்த கணக்கு நோட்டு மாதிரி ஒரு ஊர்.

இப்படி ஒரு நோட்டு போட வேண்டுமென்றால் ஏற்கெனவே எழுதியிருந்ததை அழிக்க வேண்டுமில்லையா? அழித்தார்கள். அந்த இடத்தில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி. வீடு, கிணறு, மாட்டுத் தொழுவம் எல்லாம் இடிந்து குவிந்தன. ஓடு, பானை, கதவுப் பிடி, கண்ணாடி வளையல், பீங்கான் கிண்ணம்... ஒரு கிராமத்துக் குடித்தனம் என்றால் என்னென்ன இருக்குமோ அத்தனையும் துண்டு துண்டாகக் கிடந்தன.

எல்லோரும் புது ஊர் எழும்புவதைப் பார்த்தார்கள். நேக் சந்த் சைனி என்பவர் மட்டும் குப்பையைப் பார்த்தார்.

இவரும் பிரிவினையில் சொந்த ஊரைப் பறிகொடுத்தவர்தான். 1924-ல் அவர் பிறந்த கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1951-ல் சண்டிகரில் ரோடு போடும் வேலைக்கு இன்ஸ்பெக்டராக வந்து சேர்ந்தார். பகலில் சர்க்கார் ரோடு. சாயந்திரம் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவார். மனிதன் மாதிரி, பறவை மாதிரி, மிருகம் மாதிரித் தோன்றும் கல்லையெல்லாம் ஆற்றுப் படுகைகளிலிருந்து பொறுக்கி, கேரியரில் கட்டிக் கொண்டு வருவார். கூடவே இடிந்த கிராமங்களின் சில்லு, ஓடு, வளையல். எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பள்ளம். கட்டடமே கட்டக் கூடாது என்று சர்க்கார் ஒதுக்கி வைத்திருந்த நிலம் அது.

அங்கேதான் மனுஷன் ரகசியமாகக் கட்ட ஆரம்பித்தார். 1957 வாக்கில் தொடங்கி, ஒரு வருஷமில்லை, இரண்டு வருஷமில்லை, ஏறக்குறைய 18 வருஷம்! ராத்திரியில் பழைய டயரைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை. லீவு நாளில் பகலிலும் வேலை. மேலதிகாரிக்குத் தெரிந்தால் சஸ்பெண்ட் ஆர்டர்தான். சர்க்கார் உத்தியோகஸ்தர், சர்க்கார் நிலத்தை ஆக்கிரமித்து, அனுமதியில்லாமல் கட்டடம் கட்டுவது... சார்ஜ் ஷீட்டுக்குப் பக்கம் போதாது!

நாமும்தான் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வருகிறோம். பஸ்ஸில் தொங்கி வீட்டுக்குப் போய், டி.வி.யைப் போட்டு, "நாளைக்கும் போகணுமே" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கி விடுகிறோம். இவர் 18 வருஷச் சாயந்திரங்களை என்ன செய்தார் என்று பார்க்கத்தான் டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே போனோம்.

வாசலிலேயே ஒரு பாடம். நிறைய வாசல்கள் குட்டை. ஐந்தே முக்கால் அடி உள்ள நான் குனிந்தேன். ஐந்தடி நாலங்குல மச்சினன் 'நமக்கென்ன' என்று நிமிர்ந்து போய், "அம்மா!" என்று நெற்றியைத் தடவிக் கொண்டான். ராஜ்ஜியத்துக்குள் நுழையும்போது தலை குனிந்துதான் ஆக வேண்டும். ஐ.ஏ.எஸ். ஆனாலும் சரி, அடியேன் ஆனாலும் சரி.

உள்ளே சந்து, வளைவு, திடீரென்று ஒரு முற்றம். அடுத்த வளைவில் என்ன வரும் என்று சொல்லவே முடியாது. வெளியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஊர், உள்ளே ஒரு நேர்க்கோடு கிடையாது! ஒரு சுவர் முழுக்க உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டை. இன்னொன்று எரிந்து போன டியூப் லைட். வேறொரு இடத்தில் வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான். முகம் சுளிக்கத் தோன்றவில்லை. வெள்ளை வெளேரென்று கோட்டை மதில் மாதிரி இருக்கிறது. தகர டிரம்மில் கான்கிரீட்டை ஊற்றி வரிசையாக அடுக்கினால் அது ஒரு சுவர்.

அப்புறம் ஜனங்கள்! ஒரு சரிவு முழுக்கப் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். உடம்பெல்லாம் வளையல் துண்டு. சிவப்பு, பச்சை, நீலம்... வெயில் பட்டால் பட்டுப் புடவை தோற்றது. அந்தப் பக்கம் பீங்கான் சட்டை போட்ட சிப்பாய்கள். இந்தப் பக்கம் குரங்கு, மான், கரடி.

எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். எலும்புக்கு ஓட்டை சைக்கிள்! ஃபிரேம் உடம்பாகும். ஃபோர்க் கால்களாகும். சீட்டைத் திருப்பி வைத்தால் மிருகத்தின் தலை. அதன் மேல் சிமென்ட் பூச்சு. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வளையலையும் சில்லையும் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் சிமென்ட் காய்ந்து விடும். அவசரப்பட்டால் வளையல் கோணிக் கொள்ளும். மார்ச் 31 ராத்திரி அக்கவுன்ட்ஸ் முடிப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

சரி, குட்டு எப்போது உடைந்தது? 1970-களின் நடுவில். காட்டைச் சுத்தம் பண்ண வந்த சர்க்கார் ஆட்கள் புதரை வெட்டிக் கொண்டே போனால், எதிரே ஆயிரக்கணக்கில் பொம்மைகள், முற்றங்கள். அப்போதே சுமார் 12 ஏக்கர்! ஆபீஸர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டப்படி இடிக்க வேண்டும். ஆனால் அதற்குள் விஷயம் பரவி, ஜனங்கள் கும்பல் கும்பலாகப் பார்க்க வந்து விட்டார்கள்.

நிர்வாகத்திலும் நல்ல மனசுக்காரர்கள் இருந்தார்கள். நகரத்தின் மரம், தோட்டங்களை வடிவமைத்த எம்.எஸ்.ரந்தாவா பார்த்துவிட்டு, "இதைத் தொடக் கூடாது" என்ற கட்சியில் நின்றார். 1976-ல் அதே சர்க்கார் தோட்டத்தை முறைப்படி பொதுமக்களுக்குத் திறந்து விட்டது. ரோடு வேலையிலிருந்து நேக் சந்தை விடுவித்து, சம்பளம் கொடுத்து, 50 ஆட்களையும் கொடுத்து, "நடத்துங்க" என்றது. சஸ்பென்ஷன் வர வேண்டிய இடத்தில் புரமோஷன்! 1983-ல் தோட்டத்துக்குத் தபால் தலை. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1986-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஒரு குழந்தைகள் மியூசியத்துக்கும் இதே மாதிரி தோட்டம் போட்டுக் கொடுத்தார்.

என்னைக் கவர்ந்தது அதற்கப்புறம் நடந்ததுதான். அதுவரை ஒண்டியாளாகப் பொறுக்கியவருக்கு இப்போது ஊரே சப்ளையர். நகரத்தில் அங்கங்கே சேகரிப்பு இடங்கள் வைத்து உடைந்த சாமான்களை வாங்கினார்கள். ஓட்டல் தட்டு, தொழிற்சாலைக் கழிவு, வீட்டுக் கப் எல்லாம் வந்து குவிந்தன. கந்தல் துணியிலும் ஆளுயரப் பொம்மைகள் செய்தார்கள். பிற்பாடு வெளிநாட்டிலிருந்தெல்லாம் தொண்டர்கள் வந்து, சட்டையில் சிமென்டை அப்பிக் கொண்டு சில்லு பதித்துவிட்டுப் போனார்கள்.

தோட்டத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதான சர்தார்ஜியிடம் மச்சினன் இந்தியில் பேச்சுக் கொடுத்தான். அவர் சுவரைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னடா சொல்றார்?"

"அவங்க வீட்டு டீ கப் ஒண்ணு இங்கதான் எங்கயோ இருக்காம், அத்தான். எங்கேன்னு தெரியலையாம். அதனால எல்லாக் கப்பையும் தன்னோடதுன்னு நினைச்சுக்கறாராம்."

இந்த உரிமை வெறும் பேச்சு இல்லை. 1990 வாக்கில், வி.ஐ.பி.க்கள் போக ரோடு போடுகிறோம் என்று தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர் வந்தது. நூற்றுக்கணக்கான ஜனங்கள் குறுக்கே சுவராக நின்றார்கள். கோர்ட்டும் தோட்டத்தின் பக்கம் நின்றது. புல்டோசர் திரும்பிப் போனது. 1996-ல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த சமயம், தோட்டத்து வேலையாட்களைத் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். காவல் இல்லாத நேரத்தில் சில விஷமிகள் புகுந்து பொம்மைகளை உடைத்தார்கள். உடைந்ததிலிருந்து பிறந்த பொம்மைகள் மறுபடியும் உடைந்தன. ஊர்க்காரர்கள் முன்வந்து மீண்டும் நடத்திக் காட்டினார்கள்.

எல்லாத் தடவையும் ஜனங்கள் ஜெயிக்கவில்லை. 2025 மார்ச்சில், பக்கத்திலுள்ள ஹைகோர்ட்டுக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்த, தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்து விட்டார்கள். மரங்களும் போயின. ஊர்க்காரர்கள் கூடி நின்று கோஷம் போட்டும் நிறுத்த முடியவில்லை. இந்தத் தடவை குறுக்கே நிற்க நேக் சந்த் இல்லை. 2015 ஜூன் 12-ம் தேதி, 90 வயதில் காலமாகி விட்டார்.

தோட்டத்தின் கடைசிப் பகுதி திறந்தவெளி. உயர உயரமாக வளைவுகள், ஒவ்வொன்றிலும் சங்கிலி போட்ட ஊஞ்சல். பக்கத்தில் நீர்வீழ்ச்சி. குழந்தைகளுக்காக இருக்கும் என்று பார்த்தால், ஆடிக் கொண்டிருப்பதெல்லாம் தொப்பையும் தொந்தியுமான பெரியவர்கள்! ஆபீஸில் ஃபைலைத் தவிர எதையும் ஆட்டியறியாத என் மச்சினனும் ஏறி உட்கார்ந்து, "தள்ளி விடுங்க அத்தான்" என்றான். தள்ளினேன்.

போகிறவர்களுக்குச் சில டிப்ஸ். ராக் கார்டன் இருப்பது செக்டர் 1-ல், சுக்னா ஏரிக்கும் சட்டசபை வளாகத்துக்கும் நடுவே. வெயில் காலத்தில் வறுத்து விடும். அக்டோபருக்கு மேல் போவது உத்தமம். வழுக்காத செருப்பு முக்கியம். வளையல் அழகாக இருக்கிறதே என்று சுரண்டிப் பார்க்காதீர்கள். உங்களை மாதிரி பத்துப் பேர் சுரண்டினால் அந்த அம்மாளுக்குப் புடவை மிஞ்சாது.

சண்டிகர் தூரம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலம்புழா அணைக்குப் போய் யட்சி சிலையைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதே மலம்புழாவில் உடைந்த வளையல், ஓடு, சில்லு வைத்து ஒரு ராக் கார்டன் இருக்கிறது. அதை வடிவமைத்தவரும் சாட்சாத் இதே நேக் சந்த்தான். அடுத்த தடவை மீன் வறுவலுக்கு முன்னால் அதையும் எட்டிப் பாருங்கள்.

பி.காம். கணக்குப்படி சண்டிகர் தோட்டத்தின் அசல் மதிப்பு பூஜ்யம். போட்ட சரக்கு முழுக்க ரைட் ஆஃப். ஆனால் ஒரு ஊருக்கு அது வேண்டும் என்று புல்டோசர் முன்னால் நிற்க ஆள் இருக்கிறார்களே, அதை எந்தக் காலத்தில் எழுதுவது? சிமென்ட் பூச்சு உதிரும். வளையல் மங்கும். திரும்பப் பதிக்க இனிமேல் அந்த ரோடு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வரப் போவதில்லை. கப்பைக் கொடுத்த வீட்டுக்காரர்கள்தான் வர வேண்டும்.