ஸ்வராஜ் தீவின் கடலடியில்

சென்னை மவுண்ட் ரோடில் ஒரு காலத்தில் நீல் என்னும் வெள்ளைக்காரத் தளபதியின் சிலை நின்றுகொண்டிருந்தது. 1857-ஆம் வருஷத்துப் புரட்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் நம்மவர்களை ஈவிரக்கமின்றித் தூக்கிலிட்டவன் அவன். அந்தச் சிலையை அகற்ற வேண்டுமென்று 1927-ல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை அதைப் பெயர்த்துப் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பியது. ஆயினும் அந்தமான் கடலில் அவன் பெயரைத் தாங்கிய தீவு ஒன்று 2018 வரையில் அப்படியே இருந்துவந்தது. அடுத்த பெரிய தீவுக்கோ, அதே புரட்சியை அடக்கப் புறப்பட்ட ஹாவ்லக்கின் பெயர்! 2018 டிசம்பர் 30-ந் தேதிதான் நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ஹாவ்லக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் பெற்றன. 1943-ல் அதே தேதியில் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றிய நேதாஜி, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சூட்ட விரும்பிய பெயர்கள் இவை.

சென்னையிலிருந்து ஆகாய விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று ஏறக்குறையப் போர்ட் பிளேரை அடைந்துவிடலாம். 2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து கப்பலில் இன்னும் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் சென்றால் ஸ்வராஜ் தீவு. தேசப் பிரிவினையில் வீடு வாசலை இழந்த கிழக்கு வங்காளத்துக் குடும்பங்கள் இங்கே குடியேறின. கோவிந்த நகர், ராதா நகர், சியாம நகர், கிருஷ்ண நகர் என்று ஊர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கேட்டால் பிருந்தாவனமே கடல் கடந்து வந்துவிட்டதோ என்று தோன்றும்.

இப்போது இத்தீவுக்கு வரும் இளைஞர்களில் பலர் கரையைப் பார்க்க வருவதில்லை. கடலின் அடியைப் பார்க்க வருகிறார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கும் இவ்வித்தைக்கு ஸ்கூபா என்று பெயர். பிரான்ஸ் தேசத்தில் குஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் காஞ்ஞான் என்னும் என்ஜினீயரும் இதற்குரிய கருவியை அமைத்ததும் அந்த 1943-ஆம் வருஷத்திலேதான். பலர் எண்ணுவதுபோல் சிலிண்டரில் இருப்பது தனிப் பிராணவாயு அன்று. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே.

மூன்று நான்கு நாட்கள் பயிற்சி பெற்றால் முதற்படி அத்தாட்சிப் பத்திரம் கிடைத்துவிடுகிறது. பதினெட்டு மீட்டர் ஆழம் வரையில் ஒரு துணையோடு செல்லலாம் என்பது அதன் பொருள். பத்திரத்தைக் கையில் வாங்கியவுடன் எழும் கேள்வி, "அடுத்தபடி எங்கே?" என்பது. இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்துகொள்வதில் உயிரே அடங்கியிருக்கிறது.

நம் தூத்துக்குடிப் பரதவர்கள் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள். மூச்சை அடக்குவது அவர்களுடைய கலை. ஸ்கூபாவிலோ மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதே முதல் விதி. காரணம் எளிது. கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் அக்காற்று இருமடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துபோகலாம். அன்றியும், ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன், விரைவாக மேலேறினால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழிகளாய்ப் பொங்கும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரையில் அதனால் விளையும். ஆகவே நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் தங்கி, அதன் பிறகே வெளிவர வேண்டும்.

காற்றுக் கணக்கும் உண்டு. பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று அடங்கும். அதில் கால் பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 1800. தரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், பத்து மீட்டரில் நாற்பதும் முப்பது மீட்டரில் எண்பதும் செலவிடுவார். முன்னதில் நாற்பத்தைந்து நிமிஷம் நிற்கிற காற்று, பின்னதில் இருபத்திரண்டரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் படபடப்பினால் இதற்கும் மேலே வாங்குவார்கள். ஆழம் கூடக்கூடத் தவறுக்கு இடம் குறைகிறது என்பது இதன் தாத்பரியம்.

இனி இடங்களைப் பார்ப்போம். கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய 'நீமோ' திட்டு, புதியவர்களுக்கு அரிச்சுவடி. இடுப்பளவு தண்ணீரில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சரியும். கடல் தாமரைகளுக்கிடையே செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடும். இங்கே நாலைந்து முறை இறங்கி, கையையும் காலையும் அடிக்காமல், ஏறாமலும் இறங்காமலும் ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கப் பழக வேண்டும். அடுத்தபடியாக, படகில் சென்று 'லைட்ஹவுஸ்', 'அக்வேரியம்' ஆகிய திட்டுகளைக் காணலாம். இவற்றில் பெரும்பகுதி பதினெட்டு மீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. ஷஹீத் தீவுப் பக்கம் 'பஸ் ஸ்டாப்' என்றொரு ஆழமில்லாத இடம்! அங்கே பஸ்ஸுக்குப் பதில் மீன் கூட்டங்களுக்காகக் காத்திருக்கலாம்.

'வால்' என்னும் கடற்சுவர் சுமார் பத்து மீட்டரில் ஆரம்பித்து ஐம்பது மீட்டருக்கும் கீழே செங்குத்தாக இறங்குகிறது. மேல் விளிம்பு அழகுதான்; ஆனால் அடியில் தரை இல்லாத இடத்தில், மிதப்புச் சமநிலை கைவராதவர் தம்மை அறியாமலே ஆழத்தில் போய்விடுவார். 'ஜானிஸ் கார்ஜ்', 'டிக்ஸன்ஸ் பின்னகிள்' இரண்டும் இன்னும் ஒரு படி மேல். இவை இருபது முப்பது மீட்டர் ஆழத்தில், நீரோட்டத்தின் நடுவே உள்ளன. 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறிய கரேன் இனத்தவர் சந்ததியில் தோன்றிய முக்குளிப்பாளர்களின் பெயர்களை இவ்விடங்கள் தாங்கியிருக்கின்றன. முப்பது மீட்டருக்குரிய இரண்டாம்படிப் பயிற்சி பெற்ற பிறகே இங்கே போகலாம்.

நான் அங்கிருந்தபோது ஒரு வாலிபர், பத்திரம் வாங்கி மூன்றே நாள் ஆனவர், டிக்ஸனுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

"பணம் கொடுக்கிறேன், ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

வழிகாட்டி கோபிக்கவில்லை. "தம்பி, அந்தப் பாறை எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். நீங்களும் இருக்க வேண்டுமல்லவா?" என்றார்.

வாலிபர் முணுமுணுத்துக்கொண்டே லைட்ஹவுஸுக்கு வந்தார். அங்கே நீரோட்டம் சற்று வலுத்தபோது அவர் காற்றுமானி மற்றவர்களுடையதைவிட வெகு சீக்கிரம் இறங்கியது. பன்னிரண்டு மீட்டர்தான், ஆகையால் வழிகாட்டி அவரைக் கைப்பிடித்து நிதானமாக மேலே கொண்டுவந்துவிட்டார். முப்பது மீட்டராயிருந்தால் அந்த நிதானத்துக்கு அவகாசம் ஏது?

ஏற்கெனவே முக்குளித்தவர்கள் விமானப் பிரயாணத்தையும் முன்யோசனையோடு அமைத்துக்கொள்ள வேண்டும். பல முறை மூழ்கியிருந்தால் கடைசி முறைக்குப் பின் குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில் கடல் அமைதியாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் கலங்கிவிடும்.

அபாயம் நமக்கு மட்டும் அன்று. பவளம் கல்லன்று, உயிர். 2010-ல் கடல் நீரின் உஷ்ணம் மிகுந்து அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துப்போயின. அப்படித் தப்பிப் பிழைத்தவற்றின்மேல் பழக்கமற்றவரின் துடுப்புக்கால் ஒருமுறை பட்டால் போதும், பல வருஷத்து வளர்ச்சி ஒரு கணத்தில் முறிந்துவிடும். 2001 முதல் பவளங்கள் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உடைந்த துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்துவருவது குற்றம். நல்ல மிதப்புப் பழக்கம் முக்குளிப்பவரைக் காப்பதோடு பவளத்தையும் காக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இவ்வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தால் தடை சொல்ல வேண்டாம். "எத்தனை மீட்டர் போனாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எவ்வளவு காற்று மிச்சம் வைத்து வந்தாய்?" என்று கேளுங்கள். ஸ்வராஜ்யம் என்பதற்குத் தன்னைத் தான் ஆளுதல் என்றும் பொருள் உண்டு. அந்தப் பெயர் கொண்ட தீவின் கடலில் இறங்குகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.