அல்ட்ராகிரெபிடேரியன் - செருப்புக்கு மேலே பேசாதே!

சில ஆங்கில வார்த்தைகளைப் பார்த்தால் மாத்திரை பேர் மாதிரியே இருக்கும். 'அல்ட்ராகிரெபிடேரியன்' அந்த ரகம். காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்னு சீட்டில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது :-)

அர்த்தம் என்னவோ ரொம்ப சிம்பிள். தனக்குத் தெரியாத விஷயத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி கருத்து சொல்லும் ஆசாமி. தமிழில் அதிகப்பிரசங்கி, முந்திரிக்கொட்டை என்று ரெண்டு வார்த்தை இருக்கு. ஆனால் ரெண்டுமே சரியாக உட்காரவில்லை. முந்திரிக்கொட்டைக்கு விஷயம் தெரிந்துகூட இருக்கலாம், முந்திக்கொள்வதுதான் அவர் பிரச்சினை. அதிகப்பிரசங்கி என்பது பெரும்பாலும் வயசில் சின்னவங்களுக்குக் கிடைக்கிற பட்டம். அல்ட்ராகிரெபிடேரியனுக்கு வயசு வித்தியாசம் கிடையாது. டீக்கடை பெஞ்சு முதல் டிவி விவாதம் வரை எங்கேயும் பார்க்கலாம்.

பிரித்துப் பார்த்தால் 'அல்ட்ரா' என்பது லத்தீனில் 'தாண்டி'. 'கிரெபிடா' என்பது செருப்பு. ஆக, செருப்பைத் தாண்டிப் போனவர். இதில் செருப்பு எங்கேர்ந்து வந்தது?

அதுக்கு ஒரு கதை இருக்கு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அப்பெலிஸ் என்று ஒரு கிரேக்க ஓவியர். மாவீரன் அலெக்சாண்டரையே வரைந்தவர். படத்தை முடித்ததும் தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்துகொண்டு ஜனங்க என்ன பேசுறாங்கன்னு கேட்பாராம். ஒரு நாள் செருப்புத் தைக்கிறவர் ஒருத்தர் படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பில் வார் கோக்கிற காது ஒண்ணு குறையுதே என்றார். அப்பெலிஸ் மறுபேச்சில்லாமல் திருத்திவிட்டார். மறுநாள் வந்து பார்த்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதே ஜோரில் காலையும் குறை சொல்ல ஆரம்பித்தார். உடனே வெளியே வந்த அப்பெலிஸ், செருப்பு தைக்கிறவன் செருப்புக்கு மேலே தீர்ப்பு சொல்லக்கூடாது என்று ஒரு அதட்டல் போட்டாராம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். அது பழமொழியாகவே ஆகிவிட்டது என்றும் சொல்கிறார்.

இந்தப் பழமொழியை ஆங்கில வசவாக மாற்றிய புண்ணியவான் வில்லியம் ஹாஸ்லிட். 1819இல் வில்லியம் கிஃபோர்ட் என்பவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கிஃபோர்ட் அப்போது 'குவார்ட்டர்லி ரிவ்யூ' பத்திரிகையின் ஆசிரியர். அதில் ஹாஸ்லிட்டின் புத்தகங்களைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். ஷேக்ஸ்பியர் பற்றிய தன் புத்தகம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். இவர்கள் விமர்சனம் வந்ததும் விற்பனை படுத்துவிட்டது என்று ஹாஸ்லிட்டே புலம்பியிருக்கிறார். அந்தக் கடுப்பில் எழுதிய கடிதத்தில்தான் கிஃபோர்டை 'அல்ட்ரா-கிரெபிடேரியன் விமர்சகர்' என்றார்.

பத்திரிகைச் சண்டைதானே, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீங்க. விஷயமே இங்கேதான் இருக்கு. கிஃபோர்ட் இளவயதில் நிஜமாகவே செருப்புத் தொழிலில் இருந்தவர்!

1756இல் டெவன் பகுதியில் ஆஷ்பர்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். 13 வயது நிறைவதற்குள் அப்பா, அம்மா ரெண்டு பேரும் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கப்பலில் எடுபிடி வேலை, அப்புறம் செருப்புத் தைக்கிறவரிடம் தொழில் பழக விட்டார்கள். பையனுக்கோ கணக்கில் பைத்தியம். முதலாளியின் மகன் ஒளித்து வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைக் கண்டுபிடித்து ராத்திரி ராத்திரியாகப் படித்தான். பேப்பர் வாங்கக் காசில்லை. தோல் துண்டை வழவழப்பாகும் வரை அடித்து, அதன் மேல் மழுங்கின ஊசியால் அல்ஜீப்ரா போட்டான். உள்ளூர் மருத்துவர் ஒருவர் நாலு பேரிடம் வசூல் செய்து, முதலாளிக்குப் பணம் கொடுத்து அவனை விடுவித்தார். அதற்கப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட். 1802இல் ரோமானியக் கவிஞர் ஜுவெனலை மொழிபெயர்த்தபோது முன்னுரையில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

இப்போ அந்த வசவைத் திரும்பப் படிங்க. 'தெரியாததைப் பேசாதே' என்பதோடு நிற்கவில்லை அது. 'நீ எங்கேர்ந்து வந்தவன்னு எனக்குத் தெரியும்' என்றும் சொல்கிறது. இத்தனைக்கும் ஹாஸ்லிட் மேட்டுக்குடிக்காரர் இல்லை, ஏழைகள் பக்கம் நின்று எழுதியவர். கோபம் வந்தால் கைக்கு முதலில் கிடைப்பது அடுத்தவன் தொழில்தான் போல. இதன் வலி நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிஃபோர்டும் லேசுப்பட்டவர் இல்லை. 1818இல் கவிஞர் கீட்ஸின் 'எண்டிமியன்' வந்தபோது அவர் பத்திரிகை அதையும் கடித்துக் குதறியது. அதே வருஷம் 'பிளாக்வுட்ஸ்' என்ற வேறொரு பத்திரிகை, மருந்து கலக்கப் படித்த பையனுக்குக் கவிதை எதுக்கு, மருந்துக்கடைக்கே திரும்பிப் போ என்று கீட்ஸுக்கு புத்தி சொன்னது. செருப்புக்கு மேலே பேசாதே என்பதன் இன்னொரு வடிவம்.

இதைப் படிச்சப்போ எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் லாரி டிரைவர். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். ராத்திரி கொடுத்த மாத்திரை அட்டையைப் பார்த்துட்டு, "காலைல கொடுத்தது வேற கலர்ல இருந்துச்சேம்மா" என்றார் நர்ஸிடம். "ஏங்க, நீங்க டாக்டரா?" என்று பதில் வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அரை மணி கழித்து அந்தம்மாவே வந்து, இது பக்கத்து பெட்டுக்கு உள்ளது என்று வாங்கிக்கொண்டு போனார். நல்லவேளை, அம்மா இன்னும் போட்டிருக்கவில்லை. ஆனால் மீதி இருந்த அஞ்சு நாளும் அப்பா எதுவுமே கேட்கவில்லை. "படிச்சவங்களுக்குத் தெரியாதா" என்று முடித்துக்கொண்டார். எனக்கு அந்த மாத்திரையை விட இந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

அதுக்காக இந்த வார்த்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது வாட்ஸப்பில் எத்தனை திடீர் வைத்தியர்கள் கிளம்பினார்கள்! அவங்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைச்ச வார்த்தை இது.

ஆனால் பிளினியின் கதையை இன்னொரு தடவை பாருங்க. முதல் நாள் அந்த ஆள் சொன்னது சரி, ஏன்னா உற்றுப் பார்த்தார். ரெண்டாம் நாள் பார்த்தது படத்தையா, தன் பெருமையையா என்று தெரியவில்லை. வித்தியாசம் அங்கேதான். செருப்பைத் தாண்டுவது குற்றமே இல்லை. தாண்டாமல் இருந்திருந்தால் தோல் துண்டில் அல்ஜீப்ரா ஏது, மருந்துக்கடையிலிருந்து கீட்ஸ் ஏது? பார்க்காமலே பேசுவதுதான் குற்றம். அதை டாக்டரும் செய்யலாம், டிரைவரும் செய்யலாம்.

திட்டு வாங்கினவர் மூணாம் நாள் அந்தப் பக்கம் வந்தாரா? பிளினி அதை எழுதவில்லை. வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுத்த படத்திலும் ஒரு காது குறைந்திருந்தால் யார் சொல்வது?

பி.கு.: ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு லத்தீன் எதுக்கு என்று யாராவது பின்னூட்டம் போடுவீங்கன்னு தெரியும். போடுங்க. பதில் சொல்ல இப்போ ஒரு வார்த்தை கைவசம் இருக்கு :-)