எட்டுப் பந்தும் பதின்மூன்று வருசமும்

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கட வீட்டு டீவி பழுதாகிக் கிடந்ததால, குச்சவெளியில எங்கட ஒழுங்கைப் பொடியன்மார் எல்லாரும் பக்கத்து வீட்டு மாமாட விறாந்தையில கூடியிருந்தம். கொழும்பு பிரேமதாச மைதானத்தில சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவும் பங்களாதேசும். இரண்டு நாளுக்கு முதல்தான் பங்களாதேஷ் இலங்கையைக் கடைசி ஓவரில தோற்கடிச்சு வெளிய அனுப்பியிருந்தது. நோ-போல் சண்டை, உடுப்பு மாத்துற அறையின்ட உடைஞ்ச கண்ணாடிக் கதவு எல்லாம் ஞாபகம் இருக்கும்தானே? அந்தக் கோபத்தில அன்றைக்கு ஒரு இரவு மட்டும் பிரேமதாச முழுக்க இந்தியாவுக்குக் கத்தினது. நாங்களும்தான்.

பதினெட்டாவது ஓவரை முஸ்தாபிசுர் போட்டார். ஒரே ஒரு ஓட்டம், அதோட ஒரு விக்கட். இனி 12 பந்தில 34 வேணும். பாதிப்பேர் எழும்பிட்டாங்க. அப்பதான் தினேஷ் கார்த்திக் உள்ள வந்தார். பின்னாலிருந்து ஒரு அண்ணா கேட்டார், “இவன் இன்னும் விளையாடுறானா?”

இப்ப யோசிச்சா, அந்த மனுசன்ட கிரிக்கட் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்ள இருந்தது போல இருக்கு.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ருபெல் ஹுசைன்ட ஓவரில 6, 4, 6, 0, 2, 4. கடைசிப் பந்தில ஐந்து வேணும். சௌம்ய சர்க்கார் போட்ட பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேலால தட்டையா ஒரு சிக்ஸ். 8 பந்தில ஆட்டமிழக்காமல் 29. சுப்பர் ஓவர் வரும் எண்டு கால்காப்புக் கட்டப் போன ரோஹித் சர்மா அந்த அடியைப் பார்க்கவே இல்லை. நான் கத்தின கத்தில மாமாட நாய் குரைக்கத் தொடங்கிட்டு. அக்கா மட்டும் கதவு நிலையோட சாய்ஞ்சிருந்து, அடுத்த நாளுக்கு பிரிஸ்டல் போட்டில எழுத்தட்டை வெட்டிக்கொண்டிருந்தா. ஒருக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சிட்டு மறுபடி வெட்டினா.

எனக்கு கார்த்திக்கைப் பிடிக்க ஒரு சொந்தக் காரணம் இருக்கு. நானும் ஒரு இரண்டாவது கீப்பர். எங்கட ஊர் மென்பந்து அணியில முதல் கீப்பர் என்னைவிட நல்ல கெட்டிக்காரன். அவன் தகப்பனோட கடலுக்குப் போற நாளில எனக்கு மெட்ச். கடல் அடிச்சு வள்ளம் இறங்காத நாளில அவன் கரையில நிப்பான், நான் தண்ணிப் போத்தலோட வெளியில நிப்பன். மெட்ச் நாள் காலையில எழும்பினதும் நான் முதல் பார்க்கிறது கடலைத்தான். கடல் அமைதியா இருக்கோணும் எண்டு நான் நேர்ந்தது மீனுக்காக இல்லை.

துடுப்பாட்டக்காரர் ஆறேழு பேர் ஒரு அணியில விளையாடலாம். பந்து வீசுறவருக்கும் நாலைஞ்சு இடம் இருக்கு. கீப்பருக்கு ஒரே ஒரு இடம். அந்த இடத்தில நிக்கிறவன் மகேந்திர சிங் தோனியா இருந்தா?

கார்த்திக் தோனிக்கு முதலே வந்தவர். 2004 செப்டெம்பரில லோர்ட்ஸ் மைதானத்தில அவருடைய முதல் ஒருநாள் போட்டி. மைக்கல் வோனை அன்றைக்கு ஸ்டம்பிங் செய்தார். அந்த வருசம் நவம்பரில டெஸ்ட். தோனி வந்தது டிசம்பரில. அடுத்த வருசம், 2005 டிசம்பர், சென்னை சேப்பாக்கத்தில இலங்கைக்கு எதிரான டெஸ்ட். கார்த்திக்கின் சொந்த ஊர், சொந்த மைதானம். அந்தப் போட்டியிலதான் அவரை எடுத்துவிட்டு தோனிக்கு முதல் டெஸ்ட் தொப்பி குடுத்தாங்க.

அதுக்குப் பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. 2006இல இந்தியாவின்ட முதலாவது T20 சர்வதேசப் போட்டியில ஆட்டநாயகன் அவர்தான். 2007இல இங்கிலாந்தில தோனி கீப்பிங் செய்ய, இவர் தொடக்கத் துடுப்பாட்டக்காரரா இறங்கி 263 ஓட்டம் எடுத்தார். இந்தியா வென்ற அந்த டெஸ்ட் தொடரில இந்தியாவுக்காகக் கூட ஓட்டம் எடுத்தது அவர். ஆனா 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2018 ஜூனிலதான். ஐ.பி.எல்.ல டெல்லி, பஞ்சாப், மும்பை, திரும்ப டெல்லி, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா, திரும்ப பெங்களூரு. பதினேழு பருவமும் விளையாடினார். சென்னைக்கு மட்டும் ஒரு நாளும் இல்லை.

முடிவில தோனிக்கு 90 டெஸ்ட், 350 ஒருநாள். கார்த்திக்குக்கு 26 டெஸ்ட், 94 ஒருநாள்.

கம்பஸில நண்பர்களோட கதைக்கேக்க இதை “பொறுத்தார் பூமியாள்வார்” கதையாச் சொல்லுவாங்க. பொறுமையா இரு, உனக்கும் ஒரு நிதகாஸ் வரும் எண்டு. நானும் நிறைய நாள் அப்படித்தான் நம்பினன். ஆனா மிச்சக் கதையையும் பாருங்கோ. எட்டு வருசம் காத்திருந்து கிடைச்ச டெஸ்ட் இடத்தில, 2018 இங்கிலாந்தில அவர் எடுத்தது 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்டில ரிஷப் பந்த் வந்திட்டார். 2007 உலகக் கிண்ண அணியில இருந்தும் ஒரு போட்டியும் கிடைக்காதவருக்கு, 2019இல கிடைச்சது. அரையிறுதியில நியூசிலாந்துக்கு எதிரா 5 ஓட்டத்துக்கு 3 விக்கட் போய்க் கிடக்கேக்க இறங்கினார். 25 பந்தில 6. காத்திருந்த காலத்துக்கு ஆரும் வட்டி தாறதில்லை.

அவரிட்ட எனக்குப் பிடிச்சது வேற. 2021இல சவுத்ஹாம்டனில டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கு நேர்முக வர்ணனை செய்தவர், முடிஞ்சுது எண்டு எல்லாரும் நினைச்சவர், தனக்கெண்டு ஒரு வேலையைத் தானே தெரிஞ்செடுத்தார். கடைசி மூன்று நாலு ஓவர் மட்டும். அதுக்கெண்டே பயிற்சி எடுத்தார். 2022இல பெங்களூருவுக்கு 330 ஓட்டம், 100 பந்துக்கு 183 எண்ட வேகத்தில. அந்த ஜூனில ராஜ்கோட்டில 27 பந்தில 55. முதல் T20 சர்வதேசப் போட்டி விளையாடி பதினஞ்சு வருசத்துக்குப் பிறகு முதல் அரைச்சதம்.

அக்காவும் அப்படித்தான். ஏ.எல். முடிச்ச கையோட ஊருக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தொண்டராசிரியரா சேர்ந்தவ. நிரந்தர ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போனா அக்காதான் அந்த வகுப்பு. புது ஆசிரியர் வந்தா அக்கா அடுத்த வகுப்புக்கு. கணிதம், சுற்றாடல், சித்திரம், விளையாட்டுப் போட்டி எல்லாம் பார்த்திருக்கிறா. பிறகு தனக்கெண்டு ஒரு வேலையைப் பிடிச்சா: எழுத்துக் கூட்டத் தெரியாமல் நாலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை வேப்பமரத்துக்குக் கீழ வைச்சு வாசிக்கப் பழக்கிறது. பெற்றோர் சேர்த்துக் குடுக்கிற சின்னக் காசு பஸ்ஸுக்குக் காணும். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு தரம் போயிட்டு வந்தா. கடிதம் வரல்ல.

2024 ஜூன் 1ஆம் திகதி, தன்ட 39ஆவது பிறந்தநாளில, கார்த்திக் ஓய்வை அறிவிச்சார். நான் லீவுக்கு வீட்ட நிண்டனான். ஃபோனை நீட்டி, “அக்கா, உன்ட ஆள் ரிட்டயர் ஆகிட்டான்” எண்டு பகிடியாச் சொன்னன். அவ வாசிச்சிட்டுத் திருப்பித் தந்தா.

“அவனுக்குப் பேர் லிஸ்ட்ல இருந்ததுடா தம்பி. வெளிய இருந்தாலும் சம்பளம் இருந்தது. நான் எந்த லிஸ்ட்ல இருக்கிறன்?”

எனக்குப் பதில் வரல்ல. அன்றையில இருந்து நான் அவவையும் கார்த்திக்கையும் ஒப்பிட்டுக் கதைக்கிறதில்லை. கிரிக்கட்டில பதில் கீப்பரும் அணியில ஒருவர்தான். அவரையும் கூட்டிக்கொண்டு போவாங்க, ஜேர்சியில பேர் அடிப்பாங்க, எத்தனை வருசம் இருந்தார் எண்டு கணக்கு வைப்பாங்க. எங்கட ஊர்ப் பக்கம் எத்தனை பள்ளிக்கூடம் இப்படிப் பேரில்லாத ஆக்களால நடக்குது! அவங்களிட்ட பொறுமை இல்லை எண்டு ஆரும் சொல்ல ஏலாது. காத்திருக்கிற ஆளை வைச்சு வேலை வாங்கினா, அந்தக் காத்திருப்பையும் கணக்கில எழுதோணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்.

எனக்கும் பட்டம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். கலைப்பீடத்தில படிச்சு முடிச்சவங்க எந்த வரிசையில போய் நிக்கிறாங்க எண்டு எனக்கு நல்லாத் தெரியும்.

போன லீவில அக்காட புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புல்மோட்டை ரோட்டுக்கு பஸ் ஏத்திவிடப் போனன். பையில அந்த எழுத்தட்டைகள் இன்னும் இருந்தது. ஓரமெல்லாம் பிய்ஞ்சு, செலோடேப் ஒட்டி. “அ” எழுதின அட்டை பிள்ளைகள் விரல் வைச்சு வைச்சுக் கறுத்துப் போயிருந்தது. புதுசா வெட்டித் தரவோ எண்டு கேட்டன்.

“வேணாம், இது பழகின கட்டை” எண்டு சொல்லிட்டு பஸ்ஸுக்குக் கையைக் காட்டினா.