வாப்பாவின் தேக்குத் துண்டு

பறங்கிப்பேட்டையில் மர்ஹூம் வாப்பா மரக்கடை வைத்திருந்தார்கள். 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1988இல் நான் தாவரவியல் பயின்றேன். நாள்தோறும் அண்ணாமலை நகருக்குப் பேருந்துப் பயணம். "பெண்பிள்ளைக்கு இத்தனை படிப்பு எதற்கு?" என உறவினர் கேட்டவண்ணம் இருந்தனர். அவ்வாண்டோடு நிறுத்திவிடலாமா என வாப்பாவும் தயங்கினார்கள்.

அப்போதுதான் மரத்தின் செல்களைத் தனித்தனியே பிரித்துக் காணும் பயிற்சி வந்தது. வாப்பாவின் கடையிலிருந்தே ஒரு தேக்குத் துண்டை எடுத்துச் சென்றேன். தீக்குச்சியினும் மெல்லிய சிராய்களாகச் சீவி, உள்ளிருக்கும் காற்று நீங்கி அவை அடியில் அமிழும்வரை நீரில் கொதிக்கவைத்தேன். பின்னர், 10 விழுக்காட்டு நைட்ரிக் அமிலமும் 10 விழுக்காட்டு குரோமிக் அமிலமும் சம அளவில் கலந்த கரைசலில் இட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியலர் ஜெஃப்ரியின் பெயரால் அது வழங்குகிறது. செல்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினையும் பெக்டினையும் அது கரைத்துவிடும். செல்லுலோஸ் சுவர் எஞ்சி நிற்கும்.

எனக்கோ பொறுமையில்லை. விரைவில் முடிக்க எண்ணிச் சூட்டை மிகுத்தேன், சிராய்கள் கூழாயின. மறுமுறை, ஊறுமுன்பே எடுத்து ஊசியால் கிழித்தேன், செல்கள் முறிந்தன. மூன்றாம் முறை காத்திருந்தேன். கண்ணாடிக் கோலால் மெல்ல அழுத்தியதும் சிராய் தானே கலைந்தது. அமிலம் போகக் கழுவி, சாஃப்ரனின் சாயமேற்றி, கிளிசரின் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஊசிபோல் நீண்ட நார்கள். அவற்றிடையே, இருமுனையும் திறந்த பீப்பாய்கள் போன்ற சைலக் குழாய்ச் செல்கள்! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று வேரின் நீரை இலைவரை ஏற்றுபவை அவையே.

அவற்றை வரைந்து வாப்பாவிடம் காட்டினேன்.

"சுப்ஹானல்லாஹ்! முப்பது வருடமாக மரம் விற்கிறேன் மகளே, உள்ளே இப்படி இருப்பதை இன்றுதான் அறிகிறேன். இவற்றுக்கு உயிர் உண்டா?"

"இல்லை வாப்பா. உயிர்ப்பொருள் மடிந்து உள்ளே வெறுமையான பிறகே இவை நீருக்கு வழியாகின்றன."

வாப்பா நெடுநேரம் அப்படத்தையே நோக்கியிருந்தார்கள். உறவினர் கேள்விக்கு அவர்கள் விடை கூறவில்லை. மறுவாரம் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை என் கையில் தந்தார்கள்.

குரோமிக் அமிலம் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. ஆகவே இன்று பல ஆய்வகங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அசெட்டிக் அமிலமும் கலந்து, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிராய்களை ஊறவைக்கின்றனர். கரைசல் மாறியது, காத்திருத்தல் மாறவில்லை. என் மாணவியர் அவசரப்படும்போது, வாப்பாவின் தேக்குத் துண்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.